பழுதும் ஒரு சான்று: கொழும்பு வீடுகளில் தொலைக்காட்சி விளையாட்டுக் கருவியும் அதன் மின் கோளாறுகளும்

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் அரசாங்க ஏடுகளுமே நினைவுக்கு வருதல் இயல்பு. அவை பெரும்பாலும் ஆட்சியாளர் விட்டுச்சென்ற சான்றுகள். சாதாரண மக்களின் வீடுகளிற் புழங்கிய பொருள்களும் சான்றுகளே என்பதைத் தொல்லியல் நமக்கு உணர்த்தியுள்ளது. உடைந்த பானையோடு ஒன்றினைக் கொண்டு ஒரு சமுதாயத்தின் உணவு, வணிகம், எழுத்தறிவு ஆகியவற்றை ஆய்வாளர் எடுத்துரைக்கின்றனர். பானை உடைந்திருப்பது அவர்களுக்குத் தடையாவதில்லை. சில வேளைகளில் உடைப்பே செய்தி சொல்லுகின்றது. அவ்வாறாயின், அண்மைக் காலத்து வீட்டு மின்கருவி ஒன்றின் பழுதைக் கொண்டு ஒரு நகரத்தின் வாழ்வை அறிய முடியாதா என்ற வினா எழுகின்றது.

1990களிற் கொழும்பு நகரத்து வீடுகள் பலவற்றிற் பிள்ளைகளின் பெருவிருப்புக்குரியதாய் இருந்தது, ‘ரி.வி. கேம்’ என்று பேச்சுவழக்கில் வழங்கிய தொலைக்காட்சி விளையாட்டுக் கருவியாகும். தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து, ‘கசெற்’ எனப்பட்ட விளையாட்டுப் பேழையைச் செருகி, கைப்பிடியின் பொத்தான்களை அழுத்தி விளையாடும் அக்கருவி இன்று பரண்களிலும் பழைய பெட்டிகளிலும் ஒதுங்கிக் கிடக்கின்றது. அதன் மின் கோளாறுகள் எவை, அவை எவ்வொழுங்கில் தேடிக் கண்டறியப்படும், அத்தேடல் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளின் வரலாற்றுக்கு எவ்வாறு சான்றாகும் என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானொலி வழிவந்த அறிவு

விளையாட்டுக் கருவியைத் திருத்தும் அறிவு அக்கருவியோடு கப்பலேறி வந்ததன்று. அதற்கு முன்னரே இந்நகரத்தில் அதற்கான அடித்தளம் இடப்பட்டிருந்தது. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசெம்பரில் முறையாகத் தொடங்கியது. அதற்கு முன் எட்வேர்ட் ஹாப்பரின் தலைமையில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் நடத்திய பரிசோதனைகளுக்கு, முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிப் பாகங்களே பயன்பட்டன. வேறொருவருக்காகச் செய்யப்பட்ட கருவியைப் பிரித்து நமது தேவைக்கு இசைவிப்பதே இந்நாட்டு ஒலிபரப்பின் முதல் அடி என்பது மனங்கொள்ளத்தக்கது.

வால்வு வானொலிகளின் காலத்திற் பழுது பார்ப்போர் ஒரு முறைமையைக் கையாண்டனர். முதலில் மின்வழங்கும் பகுதியைச் சோதித்தல். அது நன்றாக இருப்பின் ஒலிபெருக்கியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு நிலையாகச் சென்று, ஒலி எந்த இடத்தில் அறுகின்றது எனக் காணுதல். திரான்சிற்றர் வானொலிகள் பரவிய பின்னரும் இம்முறைமை மாறவில்லை. 1979 ஏப்பிரல் 13ஆம் திகதி சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கியபோது வானொலி திருத்துவோரிற் பலர் தொலைக்காட்சிக்கும் கைவைக்கலாயினர். தொழில்வினைஞரைப் ‘பாஸ்’ என மரியாதையுடன் அழைப்பது கொழும்பு வழக்கு. அத்தகையோரிடம் எடுபிடியாகச் சேர்ந்த இளைஞர் பார்த்தும் கேட்டும் தவறியும் இவ்வறிவைப் பெற்றனர்.

இங்கு மொழி பற்றிய ஒரு குறிப்பும் அவசியமாகும். பாடசாலையிற் கொள்ளளவி, இருவாயி, நிலைமாற்றி, மீடிறன் என்று தமிழிற் படித்த மாணவன், பட்டறையிற் ‘கொண்டென்சர்’, ‘டயோட்’, ‘ட்ரான்ஸ்போமர்’ என்ற சொற்களையே கேட்டான். நூலறிவுக்குத் தமிழும் கையறிவுக்குக் கடன்சொல்லும் என இரு சொற்றொகுதிகள் அருகருகே வாழ்ந்தன. நூற்சொற்கள் அச்சேறின. பட்டறையின் அறிவோ எழுதப்படாமலே கைமாறியது.

கருவியின் பிறப்பும் மாற்றமும்

தொலைக்காட்சியோடு விளையாடும் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ப் பேயர். அவருடைய மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டு 1972இல் மக்னவொக்ஸ் நிறுவனம் ‘ஒடிசி’ என்னும் கருவியை விற்பனைக்கு விட்டது. ஆறு மின்கலங்களில் இயங்கிய அதில் நுண்செயலி இல்லை, ஒலியும் இல்லை. திரான்சிற்றர்களும் இருவாயிகளும் தனித்தனியே பொருத்தப்பட்டிருந்தமையால், அக்காலத்து வானொலி திருத்துபவர் ஒருவர் அதனைத் திறந்திருப்பின் தாம் அறிந்த உலகத்தையே உள்ளே கண்டிருப்பார்.

1976இல் ஜெனரல் இன்ஸ்ருமென்ற் நிறுவனம் பந்தாட்டம் முழுவதையும் ஒரே சில்லுக்குள் அடக்கியது. 1977இல் அட்டாரி நிறுவனத்தின் கருவி நுண்செயலியுடனும் மாற்றத்தக்க பேழைகளுடனும் வெளிவந்தது. 1983 யூலை 15ஆம் திகதி ஜப்பானில் நின்ரெண்டோ நிறுவனம் ‘பமிக்கொம்’ கருவியை வெளியிட்டது. பின்னர் தாய்வானின் யூ.எம்.சி. நிறுவனம் அதனை ஒத்த சில்லுகளைச் செய்தது. அவ்வகைச் சில்லுகளைக் கொண்ட, பெயர் பலவும் உருவம் பலவுமான மலிவுப் பிரதிகள் ஆசிய நாடுகள் பலவற்றிற் பரவின.

இவ்வளர்ச்சி திருத்துபவரின் நிலையை மாற்றியது. ஒடிசியில் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டறியலாம். சில்லின் உள்ளே கெட்டதை எவரும் தொட முடியாது. ஆகவே அவருடைய ஆட்சி கருவியின் எல்லைகளுக்குச் சுருங்கியது: மின்சாரம் நுழையும் வாயில், பேழை சேரும் வாயில், படம் வெளியேறும் வாயில். ஆயினும் பெரும்பாலான பழுதுகள் இவ்வெல்லைகளிலேயே தோன்றின. உள்ளே இருந்த சில்லோ பல ஆண்டுகள் கெடாமல் இருந்தது. இதனாலேயே பழைய வானொலி முறைமை புதிய கருவிக்கும் பொருந்திற்று.

முதற் பழுது: ஊர் மாறிய கருவி

1977இன் பின் ஏற்பட்ட திறந்த பொருளாதாரக் கொள்கையினால் இறக்குமதிப் பொருள்கள் பெருகின. மத்திய கிழக்கிற்குத் தொழில்நாடிச் சென்றோர் விடுமுறையில் மின்கருவிகளோடு திரும்பினர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு மின்னியற் பொருள்களுக்குப் பெயர்பெற்றது. இவ்வாறு வந்த கருவிகளுள் வேறு நாட்டு மின்சாரத்துக்கென ஆக்கப்பட்டவையும் இருந்தன.

இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். ஜப்பானில் அது 100 வோல்ற்று. ஜப்பானிய அடப்டரை இங்குள்ள மின்குதையிற் செருகினால் அதன் நிலைமாற்றி இருமடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தை ஏற்று, சிறிது நேரத்தில் உள்ளே சுருள் கருகிவிடும். அல்லது அதனுள் இருக்கும் வெப்ப உருகி அறுந்துவிடும். கருவி இறந்துவிட்டதென வீட்டார் கருதுவர். பெரும்பாலும் இறந்தது அடப்டர் மட்டுமே. 230ஐ 100 ஆகக் குறைக்கும் நிலைமாற்றி ஒன்றும் புதிய அடப்டரும் கிடைத்தால் கருவி மீண்டும் உயிர்பெறும்.

அழுத்தம் மட்டுமன்றித் திசையும் சிக்கலை விளைத்தது. பமிக்கொமின் அடப்டர் 10 வோல்ற்று நேரோட்டம் தருவது. அதன் முளையின் நடுப்பகுதி எதிர்முனை. அதே நிறுவனம் 1985 முதல் அமெரிக்காவில் விற்ற கருவியின் அடப்டரோ 9 வோல்ற்று ஆடலோட்டம் தருவது. ஆடலை நேராக்கும் சீராக்கி அக்கருவியின் உள்ளே இருந்தது. இதனை அதற்கு மாற்றிச் செருகினால், சீராக்கி இல்லாத பமிக்கொமினுள் ஆடலோட்டம் புகுந்து உறுப்புகளை அழிக்கும். அட்டாரிக்கு முளையின் நுனி நேர்முனை. செருகி பொருந்துகின்றது என்பதனால் மின்சாரமும் பொருந்தும் என நம்பியதே பல வீடுகளில் கருவியின் முடிவாயிற்று.

படத்திலும் இத்தகைய ‘பழுது’ உண்டு. ஜப்பானியக் கருவி தன் படத்தை ஏறத்தாழ 90 முதல் 100 மெகாஹேர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் அனுப்பும். பிற நாடுகளில் அது பண்பலை வானொலிக்குரிய இடம். இங்குள்ள தொலைக்காட்சி அவ்விடத்தைத் தேடுவதேயில்லை. வண்ண முறையும் ஜப்பானில் என்.ரி.எஸ்.சி.; இலங்கையிற் பால். எவ்வாறோ படத்தைப் பிடித்தாலும் அது வண்ணமிழந்து உருளும். ஒலிக்குரிய இடைவெளி அங்கு 4.5, இங்கு 5.5 மெகாஹேர்ட்ஸ் ஆகையால் ஒலியும் வாராது. இதில் எவ்வுறுப்பும் கெடவில்லை. இரு நாடுகளின் தொழில்நுட்ப முடிவுகள் ஒரே வீட்டில் முரண்பட்டன என்பதே உண்மை. பால் முறைக்கென ஆக்கப்பட்ட மலிவுப் பிரதிகள் பரவியதற்கு விலை மட்டுமன்றி இதுவும் ஒரு காரணமெனலாம்.

தேடலின் ஒழுங்கு

நன்கு பயின்ற திருத்துபவர் முதலிற் கருவியைத் திறப்பதில்லை. வெளியிலிருந்து உள்ளே செல்வதே ஒழுங்கு. மின்குதையில் மின்சாரம் உண்டா, அடப்டர் தருவது யாது, கம்பி முளையின் அருகில் முறிந்துள்ளதா என்பன முதலில் நோக்கப்படும். அடப்டரைத் தனியே அளந்தால் மட்டும் போதாது. ஒழுங்காக்கி அற்ற 9 வோல்ற்று அடப்டர் சுமையின்றி 12 அல்லது 13 வோல்ற்று காட்டுதல் இயல்பு. கருவியை இணைத்து அளக்கும்போது அது 6 அல்லது 7க்கு வீழ்ந்தால் அடப்டர் தளர்ந்துவிட்டது, அல்லது உள்ளே எங்கோ குறுக்குச்சுற்று உள்ளது என்பது தெளிவாகும்.

அடுத்து ஒழுங்காக்கி. இவ்வகைக் கருவிகள் பெரும்பாலானவற்றில் 7805 என்னும் எண்ணைத் தாங்கிய மூன்று கால் உறுப்பு ஒன்று உண்டு. உள்ளே வரும் 9 அல்லது 10 வோல்ற்றை 5 வோல்ற்றாக்கித் தருவது அதன் கடமை. எஞ்சியதை அது வெப்பமாக வெளிவிடும். 10 வோல்ற்று நுழைந்து அரை அம்பியர் ஓடினால் 2.5 வாற்று வெப்பம் பிறக்கும். நடுக்காலை நிலமாகக் கொண்டு ஒரு புறம் 9, மறுபுறம் 5 என வந்தால் மின்வழி நலம். ஒரு புறம் 9 இருந்து மறுபுறம் ஒன்றும் இல்லையெனில் ஒழுங்காக்கி இறந்திருக்கலாம். ஆனால் அது கைபொறுக்காத சூடு கொண்டு, அழுத்தமும் தாழ்ந்திருந்தால், அதனை மாற்றுவதாற் பயனில்லை. அப்பால் எதுவோ மின்சாரத்தை விழுங்குகின்றது. அறிகுறியைக் காரணமென மயங்காமை இத்தொழிலின் முதற் பாடமாகும்.

மூன்றாவது, மின்பகு கொள்ளளவி. சீராக்கப்பட்ட மின்சாரத்தின் அலைவைச் சமப்படுத்துவது அது. காலப்போக்கில் அதனுள் இருக்கும் திரவம் உலரும். வெப்பநிலை 10 பாகை உயர அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவிதி. கொழும்பின் வெப்பத்தில் இது சிறு செய்தியன்று. கொள்ளளவி உலர்ந்தால் ஒலியில் இரைச்சலும், படத்தில் மெல்ல நகரும் கிடைப்பட்டைகளும் தோன்றும். 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் முழுமையாகச் சீராக்கப்படும்போது 100 ஹேர்ட்ஸ் அலைவு எஞ்சுவதால் பட்டைகள் இரண்டாகும். சீராக்கியின் ஒரு பாதி செயலிழந்தால் ஒன்றாகும். பட்டையை எண்ணியே பழுதின் இடத்தை ஊகிக்கலாம்.

நான்காவது, பேழையின் தொடுமுனைகள். வெள்ளவத்தை கடலோரப் பகுதி. உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். பேழையை வாயால் ஊதிச் செருகுதல் உலகெங்கும் பிள்ளைகளின் வழக்கமாயிற்று. ஊதியதனாலன்றி மீண்டும் செருகியதனாலேயே பெரும்பாலும் தொடுகை சீர்ப்பட்டது. மூச்சின் ஈரமோ அரிப்பை வளர்த்தது. அமெரிக்காவில் விற்ற நின்ரெண்டோவிற் செவ்விளக்கு ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை அணைந்தெரிவது மின்வழங்கற் கோளாறு போலத் தோன்றும். உண்மையில் அது பேழையை அடையாளங் காணும் பூட்டுச் சில்லு, தொடுகை சரியின்மையாற் கருவியை மீள மீளத் தொடங்கச் செய்வதாகும். பமிக்கொமில் அப்பூட்டு இல்லாமையால் இக்குறி அதிற் காணப்படாது.

தேடலின் ஒழுங்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இத்துறையின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1972இற் கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரத்து மதுச்சாலை ஒன்றில் வைக்கப்பட்ட ‘பொங்’ விளையாட்டுப் பொறி நின்றுவிட்டதெனச் செய்தி வர, அதனை ஆக்கிய அலன் அல்கோர்ன் சென்று பார்த்தார். சுற்றிற் குறையேதும் இல்லை; விளையாடியோர் இட்ட நாணயங்கள் பெட்டியை நிரப்பி வழிந்தமையே தடையாக இருந்தது. அவரும் வெளியிலிருந்தே பார்க்கத் தொடங்கினார்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கருவியினுள் இருக்கும் 5 வோல்ற்று எவரையும் கொல்லாது. அது இணைக்கப்படும் பழைய வண்ணத் தொலைக்காட்சியின் படக்குழாயிலோ 20,000 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. அணைத்த பின்னரும் அது தங்கியிருக்கும். தொலைக்காட்சியின் பின்மூடியைப் பயிலாதோர் திறவாமையே முறை.

எரிந்த ஏடுகளும் எஞ்சிய பற்றாசும்

பமிக்கொம் ஜப்பானில் வெளிவந்து ஒன்பது நாள்கள் கழித்து, 1983 யூலை 24ஆம் திகதி இரவு, கொழும்பிலே தமிழருக்கு எதிரான வன்செயல் மூண்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. மனித உயிர்கள் மாய்ந்த நிகழ்வின் முன் பொருள்களின் இழப்பை நிறுத்துப் பார்ப்பது பொருந்தாது. எனினும் வரலாற்று மாணவன் ஒன்றனைக் குறித்துக்கொள்ள வேண்டியுள்ளது. கடை எரியும்போது கணக்கேடும் பற்றுச்சீட்டும் திருத்தக் குறிப்பும் அதனோடு எரிகின்றன. தொழில் அறிந்தவர் நாடு விட்டுச் செல்லும்போது எழுதப்படாத அறிவும் அவரோடு செல்கின்றது. ஒரு பகுதியின் சிறுதொழில் வரலாறு ஏடுகளில் அறுந்து போவது இவ்வாறே.

பின்வந்த ஆண்டுகளில் போரினால் இடம்பெயர்ந்தோர் பலர் வடக்கிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்தனர். அவர்களுக்கு மின்சாரத்தோடு வேறொரு பழக்கமும் இருந்தது. 1990களின் முற்பகுதியில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்திலே துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் அவர்கள். எந்த மின்சாரம் எந்தக் கருவிக்குப் பொருந்தும் என்பது அவர்களுக்கு வாழ்க்கை கற்பித்த பாடம்.

ஏடுகள் இல்லாதவிடத்துப் பொருளே ஏடாகும். பழைய விளையாட்டுக் கருவி ஒன்றைத் திறந்து நோக்குமிடத்து, தொழிற்சாலையின் ஒரேசீரான பற்றாசுப் புள்ளிகளிடையே கையாற் பிடித்த தடித்த புள்ளி ஒன்று தென்படலாம். ஒழுங்காக்கி மாற்றப்பட்ட இடம் அது. அடப்டரின் ஜப்பானியத் தட்டை முளைகளை வெட்டி, உருண்டை முளைச் செருகி பொருத்தப்பட்டிருக்கலாம். கொள்ளளவி ஒன்று வேறொரு வானொலியிலிருந்து கழற்றி இடப்பட்டிருக்கலாம். ஒவ்வொன்றும் ஒருவர் இவ்விடத்தே அமர்ந்து சிந்தித்தார் என்பதற்குச் சான்றாகும். அவருடைய பெயர் எங்கும் இல்லை. அவருடைய முடிவு அங்கே இருக்கின்றது.

காக்க வேண்டியது யாது?

ரால்ப் பேயர் தம் மாதிரிகளையும் குறிப்புகளையும் 2006இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வழங்கினார். கருவியைக் கண்டுபிடித்தவரின் பணி இவ்வாறு காக்கப்பட்டது. அதனை வேறொரு நாட்டின் மின்சாரத்திலும் உப்புக் காற்றிலும் வாழவைத்தவரின் பணிக்கு அத்தகைய இடம் இன்னும் அமையவில்லை. கண்டுபிடித்தோரை மட்டும் பேசும் தொழில்நுட்ப வரலாறு, நம்மைப் போன்ற நாடுகளை வாங்கிப் பயன்படுத்துவோராக மட்டுமே காட்டும். திருத்தியோரின் வரலாறு எழுதப்படும்போதுதான் இங்கும் ஆராய்ச்சியும் தீர்வும் நிகழ்ந்தன என்பது புலப்படும்.

2022இன் பொருளாதார நெருக்கடி இவ்வுண்மையை வேறு வகையில் நினைவூட்டியது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது, இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. புதியது வாங்குதல் அரிதாகியபோது பழையதைத் திருத்த அறிந்தவரின் தேவை மீண்டும் உணரப்பட்டது. அவ்வறிவு ஆடம்பரமன்று, ஒரு சமுதாயத்தின் சேமிப்பு என்பது அப்போது தெளிவாயிற்று.

பல்கலைக்கழகத்தார் ஆற்றக்கூடிய பணி பெரிதன்று. முதியோராகிவிட்ட திருத்துநரின் நினைவுகளைப் பட்டறைச் சொற்களோடு பதிவு செய்தல், பரணிற் கிடக்கும் கருவிகளை எறியுமுன் திறந்து பார்த்துக் குறிப்பெடுத்தல் ஆகியன வரலாற்று மாணவரும் விஞ்ஞான மாணவரும் கூடிச் செய்யத்தக்கவை. இயங்காத கருவியைச் சில்லுக்காகவோ நெகிழிக்காகவோ உடைத்தெறிந்த பின் அதன் பற்றாசுப் புள்ளியை எவராலும் வாசிக்க இயலாது. பழுது திருத்தப்படலாம், பழுதின் வரலாறு தொலைந்தால் அதனைத் திருத்த வழியில்லை.